ரீபில்ட் செய்த கியர் பாக்ஸ் எவ்வளவு பவர் தாங்கும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

கியர் பாக்ஸைப் பிரித்து, பேரிங் மாற்றி, சிங்க்ரோ ரிங் (கியர் போடும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) மாற்றி, பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து வைத்ததும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "இது இப்ப எத்தனை பிஎச்பி தாங்கும்?" 300 என்றோ 400 என்றோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் யோசிக்காமல் எண் சொல்கிறவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள். கியர் பல்லை உடைப்பது டார்க், அதாவது முறுக்கு விசை. பிஎச்பி அங்கே நேரடியாக வருவதே இல்லை. இன்னொரு விஷயம், ரீபில்ட் செய்தால் பாக்ஸுக்குப் புதிதாகப் பலம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. தேய்ந்ததை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரீபில்ட். பழைய நிலையைத் தாண்டிப் பலம் எதுவும் கூடிவிடாது, சில சமயம் பழைய நிலைக்கே முழுசாகத் திரும்பாது.

மேனுவல் கியர் பாக்ஸ் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். ஆட்டோமேட்டிக் வேறு கதை.

முதலில் பிஎச்பியை டார்க்காக மாற்றுங்கள்

கணக்கு சுலபம். பிஎச்பியை 7121 ஆல் பெருக்கி, அந்த பவர் வரும் ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் டார்க் கிடைக்கும். 200 பிஎச்பியை 6500 ஆர்பிஎம்மில் தரும் பெட்ரோல் இன்ஜின் அந்த இடத்தில் சுமார் 219 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதே 200 பிஎச்பியை 3800 ஆர்பிஎம்மில் தரும் டர்போ டீசல் சுமார் 375 நியூட்டன் மீட்டர் தருகிறது. பேப்பரில் இரண்டும் "200 பிஎச்பி வண்டி". முதல் இன்ஜினோடு பல வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடும் ஒரு பாக்ஸ், இரண்டாவது இன்ஜினோடு சில மாதத்தில் அலற ஆரம்பிக்கலாம். இது அந்தந்த ஆர்பிஎம்மில் உள்ள டார்க்தான், இன்ஜினின் உச்ச டார்க் இதைவிடக் கீழே வேறு ஆர்பிஎம்மில் இருக்கும், எண்ணும் பெரிதாக இருக்கும். டைனோ ஷீட் (பவரையும் டார்க்கையும் அளக்கும் மெஷின் தரும் தாள்) இருந்தால் அதில் உச்ச டார்க் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டைனோ சக்கரத்தில் அளந்தது என்றால் இன்ஜின் தருவது இன்னும் கொஞ்சம் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள், பாக்ஸுக்குள் நுழைவது அந்தப் பெரிய எண்தான்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

ரீபில்ட் பில்லை எடுத்துப் படித்துப் பாருங்கள். பேரிங் செட், ஆயில் சீல், கேஸ்கெட், சிங்க்ரோ ரிங், சில ஷிம் (இடைவெளியைச் சரி செய்யும் மெல்லிய தகடு), ஒன்றிரண்டு கிளிப், ஆயில். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். இதில் சுமையைச் சுமப்பது பேரிங் மட்டும். உண்மையில் அடி வாங்கும் கியர் பற்கள், இன்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்ட், அதைக் கியர் வழியாகக் கடத்தும் லே ஷாஃப்ட், வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாஃப்ட், இவற்றைத் தாங்கும் பெட்டியான கேஸ் எல்லாமே பழசு. முன்பு எவ்வளவு ஓடியது, யார் எப்படி ஓட்டினார், எத்தனை தடவை கிளட்சைப் படாரென்று விட்டார் என்பதெல்லாம் அந்த இரும்புக்குள் பதிந்து கிடக்கிறது. இரும்புக்குக் களைப்பு உண்டு. ஒவ்வொரு தடவை சுமை ஏறி இறங்கும்போதும் பல்லின் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், புது பேரிங் போட்டதால் அது மூடிக்கொள்ளாது.

ஆகவே உங்கள் பாக்ஸின் பலம் என்ன என்று கேட்டால், பழைய பாகங்களில் எது மிகவும் பலவீனமோ அதன் பலம்தான். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கம்பெனி சொன்ன எண்ணைத் தேடுங்கள்

தொடங்க வேண்டிய இடம் தயாரித்தவர் கொடுத்த டார்க் அளவு. ஒரே பெயரில் வந்த பாக்ஸிலேயே இது மாறும், அதனால் பாக்ஸின் மேல் உள்ள டேக் நம்பரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். போர்க்வார்னர் கம்பெனியின் டி-5 என்ற ஐந்து கியர் பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி அலுமினியப் பெட்டி. ஆனால் ஃபோர்டு மஸ்டாங் வி8 வண்டியில் 1980களின் பிற்பகுதியில் வந்ததற்கு 265 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 360 நியூட்டன் மீட்டர் சொன்னார்கள்; 1990களில் வந்ததற்கு 300 பவுண்ட்-அடி, சுமார் 407 நியூட்டன் மீட்டர்; இசட்-ஸ்பெக் என்று தனியாக விற்றதற்கு 330 பவுண்ட்-அடி, சுமார் 447 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கும் இரும்பிலும் கியர் விகிதத்திலும்தான். "டி-5 ரீபில்ட்" என்று மட்டும் சொல்லி விற்றால் இதில் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ட்ரெமெக் டி-56 மேக்னம் என்ற ஆறு கியர் பாக்ஸுக்குக் கொடுத்திருக்கும் அளவு 700 பவுண்ட்-அடி, கிட்டத்தட்ட 950 நியூட்டன் மீட்டர். பெட்டியின் கனத்தைத் தூக்கிப் பார்த்தாலே ஏன் என்று புரிந்துவிடும்.

டார்க் அளவு எங்கேயும் கிடைக்கவில்லையா? ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்தப் பாக்ஸை கம்பெனியே எந்த எந்த இன்ஜினோடு மாட்டி விற்றது என்று பாருங்கள், அதில் அதிக டார்க் உள்ள இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அளவு. கூடவே, எந்த இன்ஜினுக்கு அதே பாக்ஸைக் கொடுக்கவில்லை என்பதையும் பாருங்கள். நான்காம் தலைமுறை டொயோட்டா சுப்ராவில் டர்போ இல்லாத இன்ஜினுக்கு டபிள்யூ 58 என்ற ஐந்து கியர் பாக்ஸ், ட்வின் டர்போவுக்கு வி 160 என்ற ஆறு கியர் கெட்ராக் பாக்ஸ். ஒரே வண்டியில் விலை கூடிய வேறு பாக்ஸை ஒரு கம்பெனி சும்மா மாட்டாது. டபிள்யூ 58 தாங்காது என்று அவர்களே சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

சரி, அந்த எண்ணைத் தாண்டினால் அன்றைக்கே உடைந்துவிடுமா? உடையாது. அந்த அளவு, ஒரு குறிப்பிட்ட எடையுள்ள வண்டியில் இத்தனை காலம் உழைக்க வேண்டும் என்ற கணக்கில் போட்டது. தாண்டினால் ஆயுள் குறையும், அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாகக் குறையும். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிராகப் போகும். சுமை 25 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும், சுமை இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். "என் நண்பன் அதே பாக்ஸில் இரண்டு மடங்கு டார்க் வைத்து ஓட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

டயர் வழியாகக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யாத கணக்கு இது, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும் விட உபயோகப்பட்டது. இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும், எதிர்முனையில் டயர் பிடித்து நிற்கும் அளவுக்குத்தான் பாக்ஸுக்குள் சுமை ஏறும். டயர் வழுக்கிவிட்டால் சுமை அதற்கு மேல் ஏறாது. ஆகவே டயர் பிடிக்கும் அளவை எடுத்து, கியர் விகிதத்தாலும் பின் டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் வகுத்தால், அந்தக் கியரில் பாக்ஸின் வாயில் அதிகபட்சம் எவ்வளவு டார்க் நுழைய முடியும் என்று தெரிந்துவிடும்.

ஒரு பின்சக்கர டிரைவ் வண்டி, முடுக்கும்போது பின் ஆக்ஸில் மேல் 800 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரோடு டயரின் உராய்வு எண் 0.9, டயர் ஆரம் 0.31 மீட்டர். 800 ஐ 9.81 ஆல் பெருக்கி, 0.9 ஆல் பெருக்கி, 0.31 ஆல் பெருக்கினால் சக்கரத்தில் சுமார் 2190 நியூட்டன் மீட்டர் வரும். டிஃபரன்ஷியல் 4.1. டி-5 இன் ஒரு வகையில் முதல் கியர் 3.35, இரண்டாவது 1.93, மூன்றாவது 1.29, நான்காவது நேர் கியர், அதாவது விகிதம் 1. இப்போது வகுத்துப் பாருங்கள்: முதல் கியரில் 159 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 277, மூன்றாவதில் 414.

இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் என்ன ஆகும்? முதல் இரண்டு கியரில் டயர் புகையும், பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். மூன்றாவதில் டயர் பிடித்து நிற்கும், 400 முழுசும் லே ஷாஃப்ட் வழியாகப் போகும். நான்காவதில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகக் கோத்துக்கொள்வதால் லே ஷாஃப்டுக்குச் சுமையே கிடையாது, சும்மா சுற்றும். இந்த மாதிரி பாக்ஸ்களில் மூன்றாவது கியர் பல்தான் அதிகம் போகிறது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். என் வண்டியிலும் போனது மூன்றாவதுதான். முழு ரீபில்ட் செய்து சில மாதம்தான் ஆகியிருந்தது, பேரிங் எல்லாம் புதுசு. பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தபோது உடைந்த முகத்தில் ஒரு ஓரம் பழசாகக் கறுத்திருந்தது, மீதி புதிதாக மினுமினுவென்று இருந்தது. கறுத்த பகுதி ரீபில்டுக்கு முன்பே இருந்த விரிசல். பிரித்து வைத்திருந்த அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை, புது பேரிங் டப்பாக்களைத்தான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வண்டியில் டிராக்குக்கான பிசின் மாதிரி ஒட்டும் டயரைப் போட்டுப் பாருங்கள். உராய்வு எண் 1.4 என்றால் இரண்டாவது கியரின் எல்லை 277 இலிருந்து 430 ஆகிவிடும். இன்ஜினில் கை வைக்கவே இல்லை, ஆனால் இப்போது இரண்டாவது கியருக்கும் முழு 400 போகிறது. டயர் மாற்றிய மறுவாரம் பாக்ஸ் போச்சு என்று புலம்புகிறவர்கள் இதனால்தான் புலம்புகிறார்கள். வண்டியின் எடை கூடினாலும், வண்டியில் ஆள் ஏற்றினாலும், டிரெய்லர் இழுத்தாலும் இதே கதைதான்.

முன்சக்கர டிரைவ் பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் நேர் கியர் கிடையாது, எல்லாக் கியரிலும் பல் வழியாகத்தான் சுமை போகும். டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

கிளட்ச் ஒரு ஃபியூஸ்

மேலே போட்ட கணக்கு நிதானமாகத் தள்ளும்போது உள்ள சுமைக்கு. அதிரடியாக அடிக்கும்போது கணக்கு மாறும். ஆர்பிஎம்மை ஏற்றிக் கிளட்சைப் படக்கென்று விட்டால், ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தி முழுக்க ஒரே நொடியில் உள்ளே பாயும். அப்போது பாக்ஸுக்குப் போகும் உச்ச அளவைத் தீர்மானிப்பது கிளட்ச்தான்: அது எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு போகும், அதற்கு மேல் வழுக்கிவிடும். வீட்டு ஃபியூஸ் மாதிரி. 400 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு 800 பிடிக்கும் கிளட்சைப் போட்டால், ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைத்த மாதிரி. உச்ச டார்க்கைவிட 25, 30 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் கிளட்ச் போதும் என்பது என் கணக்கு. தட்டின் நடுவில் ஸ்பிரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஸ்பிரிங் இல்லாத தட்டு ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே பல்லுக்குக் கடத்தும்.

இதைவிட மோசமானது சக்கரம் துள்ளுவது. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, தடதடவென்று வண்டி குதிக்குமே, அந்த ஒவ்வொரு குதியும் பாக்ஸுக்குச் சம்மட்டி அடி. துள்ள ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், அப்புறம் சஸ்பென்ஷன் புஷ்களைச் சரி பாருங்கள்.

பிரித்து வைத்திருக்கும்போது என்ன பார்ப்பது

பாக்ஸ் பெஞ்சில் பிரிந்து கிடக்கும் நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. நீங்கள் செய்யவில்லை, மெக்கானிக் செய்கிறார் என்றால், மூடுவதற்கு முன் கூப்பிடச் சொல்லிப் போய்ப் பாருங்கள்.

கியர் பற்களைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். பல்லின் நடுப்பகுதியில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி இருந்தால், விரல் நகத்தை அதன் மேல் இழுத்தால் தட்டும். மேலோட்டமாக ஒன்றிரண்டு இருந்தால் பழைய டார்க்கோடு ஓட்டலாம், டார்க் கூட்டப் போகிறீர்கள் என்றால் அந்தக் கியர் வேண்டாம். பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்மானம் தெரிந்தால் ஷாஃப்ட்கள் சுமையில் ஒன்றை ஒன்று தள்ளி விலகியிருக்கின்றன என்று அர்த்தம். சாய்வுப் பற்கள் சுமை ஏறும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டிலும் தள்ளும், நீளவாக்கிலும் தள்ளும், கேஸ் வளைந்து கொடுத்தால் பல்லின் முழு அகலமும் சேராமல் ஓரம் மட்டும் முட்டி மூலை உடையும். நீலம் பாரித்த கியர் இருந்தால் எப்போதோ ஆயில் இல்லாமல் சூடாகியிருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

அடுத்து ஷாஃப்ட். இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் வரிகளை (கிளட்ச் தட்டு கோத்துக்கொள்ளும் நீளப் பள்ளங்கள்) நீளவாக்கில் கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். கோடுகள் நேராக ஓடாமல் லேசாகத் திரும்பியிருந்தால் அது முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கின கம்பி திரும்ப நேராகாது. மெயின் ஷாஃப்டின் வெளிமுனை ஸ்பிளைனையும் இப்படியே பாருங்கள், முதல் கியரில் டார்க் மூன்று மடங்குக்கு மேல் பெருகி வெளியே வருவது அந்த முனையில்தான்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குக் காந்தப் பொடிச் சோதனை இருக்கிறது. இன்ஜின் கிராங்க் வேலை செய்யும் பெரிய மெஷின் ஷாப்களில் செய்வார்கள். மூன்றாவது கியரையும் லே ஷாஃப்டையும் மட்டுமாவது கொடுத்துச் சோதித்துவிடுங்கள். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த விரிசல் தெரிந்திருக்கும்.

கேஸில் பேரிங் உட்காரும் துளையையும் விடாதீர்கள். புது பேரிங்கைக் கையால் அழுத்தினாலே சொத்தென்று உள்ளே விழுந்தால் துளை பெரிதாகிவிட்டது. எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் வெளி வளையம் உள்ளே சுற்றும். கேஸ் மாற்ற வேண்டும் அல்லது துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட வேண்டும், பஞ்ச் அடித்துச் சமாளிக்கிற வேலையெல்லாம் டார்க் கூட்டும் பாக்ஸில் வேண்டாம். ஷிம் போட்டு ப்ளே (ஷாஃப்ட் அசையும் இடைவெளி) வைக்கும்போது "கை அளவு" என்று விடாமல் டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணிய அளவுகோல்) வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். லே ஷாஃப்ட் ஆடினால் பல் சரியாகச் சேராது, மேலே சொன்ன மூலை உடைகிற கதைதான்.

மாட்டும்போது

பெல் ஹவுசிங்கின் (இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) நடுத்துளை இன்ஜின் கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. இன்ஜின் மாற்றிய வண்டியில் இது கட்டாயம். கிராங்கில் டயல் கேஜை மாட்டித் துளையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், முள் மொத்தமாக 0.13 மில்லிமீட்டருக்குள் ஆடினால் நல்லது. அதற்கு மேல் என்றால் மையம் தள்ளிய டவல் பின் (பெல் ஹவுசிங்கை இன்ஜினில் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசி) போட்டுச் சரி செய்யலாம். இதை விட்டால் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், முன் பேரிங் சீக்கிரம் போகும், பழி ரீபில்ட் செய்தவர் மேல் விழும்.

ஆயில் விஷயத்தில் "கனமான ஆயில் போட்டால் நல்லது" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். மேனுவலில் சொன்னதைப் போடுங்கள். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பல பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 என்ற தர ஆயில்தான் கேட்பார்கள். ஜிஎல்-5 இல் கந்தகச் சேர்மானம் அதிகம், சில வகை பித்தளையை அரித்துவிடும், போதாததற்கு ரிங் பிடிக்காமல் வழுக்கும். டி-5 இன் பிந்தைய வகைக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான், கியர் ஆயிலே கிடையாது. டிராக்கில் நீண்ட நேரம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 300 பிஎச்பி போகும்போது 2 சதவீதம் உராய்வில் வீணானாலும் சுமார் நாலரை கிலோவாட் வெப்பம், இரண்டு மின்சாரக் கெட்டில் உள்ளே கொதிப்பதற்குச் சமம். கூலர் வைப்பது ஆடம்பரம் இல்லை.

அப்போ என் எண் என்ன?

மேலே சொன்ன சோதனை எல்லாம் தேறியது என்றால், கம்பெனி சொன்ன டார்க் வரைக்கும் கவலையில்லாமல் ஓட்டுங்கள். ரோடு டயர், மென்மையான கால், ஸ்பிரிங் உள்ள கிளட்ச் என்றால் அதற்கு மேல் 15, 20 சதவீதம் வரை நான் போவேன், ஆயுள் குறையும் என்று தெரிந்தே போவேன். அதற்கும் மேல் வேண்டும் என்றால் ரீபில்ட் கிட் உதவாது. பலமான எஃகில் செய்த கியர் செட், தடித்த இன்புட் ஷாஃப்ட் என்று உள்ளே இருப்பதையே மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் பெரிய பாக்ஸே வாங்கிவிடலாமா என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். டர்போ வண்டி என்றால் செலவே இல்லாத இன்னொரு வழி உண்டு: ட்யூன் செய்பவரிடம் சொல்லி, மேலே போட்ட கணக்கில் எந்தக் கியர் மாட்டிக்கொள்கிறதோ அந்தக் கியரில் மட்டும் பூஸ்ட்டை, அதாவது டர்போவின் காற்றழுத்தத்தை, குறைக்கச் சொல்லுங்கள். எனக்கு இப்போது மூன்றாவதில் அப்படித்தான் ஓடுகிறது, ஓட்டும்போது வித்தியாசமே தெரியவில்லை.

மாட்டி முடித்ததும் முதல் 800 கிலோமீட்டர் முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல், ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அப்புறம் ஆயிலைச் சூடாக இறக்கிக் காந்தம் உள்ள ட்ரெயின் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரிப் பூசியிருந்தால் சரி, புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகிய தூள் அது. பழுப்பு மஞ்சளில் கொஞ்சம் மினுமினுப்பு ஆயிலில் தெரிந்தால் சிங்க்ரோ ரிங், முதல் தடவை என்றால் பயப்பட வேண்டாம். விரலில் எடுத்தால் குத்துகிற மாதிரி வெள்ளிச் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. முக்கோண வடிவில் சின்னத் துண்டு ஒன்று கிடைத்தால் அது பல்லின் மூலை, புது ஆயிலை ஊற்றாதீர்கள், பாக்ஸை இறக்குங்கள்.